சாணியில் முக்காத துணி

என் கையைப் பார்க்கிறவர்கள் முதலில், "இன்னா, மருதாணியா?" என்றுதான் கேட்பார்கள். மருதாணி சிவக்கும். என் விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும், நகக்கண்ணுக்குள் அடுப்புக்கரி ஏறியது போல. கடுக்காய்த் தண்ணீரும் துருத் தண்ணீரும் சேர்ந்தால் வருகிற கறுப்பு அது. எலுமிச்சம்பழம் தேய்த்தால் கொஞ்சம் விடும் என்பார்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடாமல் கையில் தேய்த்துக்கொள்கிற அளவுக்கு எங்கள் தெருவில் யாரும் மிராசுதார் இல்லை.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது எங்கள் தெரு. வேதக்காரத் தெரு என்பார்கள். ஆனால் பாதிக் குடும்பங்கள்தான் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மீதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். இரண்டு பேரும் ஒரே சேற்றில்தான் நாற்று நட்டோம், ஒரே வரப்பில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தோம். நிலம் எங்கள் யாருடையதும் இல்லை. நான் அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவள்.

என் புருஷன் மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை தூக்கினார். முதலில் மாதத்துக்கு ஒரு தரம் வந்தார். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வந்தார். பிறகு வரவில்லை. ராயபுரத்தில் ஒரு குடித்தனம் வைத்திருக்கிறார் என்று, அங்கே வேலைக்குப் போய்வந்த தெருக்காரர்கள் என்னிடம் சொல்லாமல் தெரு முழுக்கச் சொன்னார்கள். என் காதுக்கு வந்தது கடைசியில்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் நாலு வீடு தள்ளிச் சின்ன மகனோடு இருந்தார். மகன் ஓடிப்போனதற்கு நான்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "வூட்ல சிரிச்சி பேசற பொம்பள இருந்தா ஆம்பள ஏன் அங்க போறான்?" என்பார், நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது. நான் சிரித்துப் பேசுகிறவள் இல்லைதான். அதைக் கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் எங்கும் நடப்பதுதான். எனக்கு உயிர்போனது வேறு ஒன்றில். எங்கள் கோயில் ஓடு போட்ட ஒரு நீள அறை. உள்ளூர் உபதேசியார் ஞாயிறுதோறும் ஜெபம் நடத்துவார். மாதத்துக்கு ஒருநாள் டவுனிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். அவரை நாங்கள் ஐயர் என்போம். மேசைக்கு முன்னால் பாய் விரித்து, வரிசையாக முழங்கால் போட்டு, கையை நீட்டி அப்பம் வாங்குவோம். பந்தி என்பதே எங்கள் பேச்சு. எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானம் ஆகிறவரை பந்தியில் சேரக்கூடாது. மாமியார் போய் உபதேசியாரிடம் சொன்னார். உபதேசியார் என்னைக் கூப்பிட்டு, "புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் சமாதானமா வந்து நில்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டம் இரண்டு பேருக்கும்தான். ஆனால் ஹார்பரில் இருக்கிறவருக்கு அது போய்ச் சேரவே இல்லை. தண்டனை மொத்தமும் எனக்கு மட்டும் வந்தது.

அன்றிலிருந்து போதகர் வருகிற ஞாயிறுகளில், எல்லோரும் எழுந்து பந்திக்குப் போகும்போது, நான் கதவோரம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். வயது வந்து, ஐயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பம் கிடையாது. ஒரு தரம் பக்கத்தில் இருந்த சிறுமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ இன்னும் பெரியவ ஆவலியா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

தெருவே ஒதுக்கிவிட்டது என்பது கோயிலில் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. நூலில்தான் உறைத்தது. கல்யாணத்துக்கு முன் மிஷன் போர்டிங்கில் படித்தபோது எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவிலேயே நூல்கண்டு இருந்த வீடு என் வீடு ஒன்றுதான். ஒரு பிஸ்கட் டின் நிறைய நூலும் ஊசியும் வைத்திருந்தேன். யார் வீட்டில் ஜாக்கெட் கிழிந்தாலும் பிள்ளையை அனுப்புவார்கள்: "அக்கா, அம்மா ஒரு முழம் வெள்ள நூலு கேட்டுச்சு." சிலர் துணியோடு வந்து என் வாசலிலேயே உட்கார்ந்து தைப்பார்கள். உபதேசியாரம்மா ஒரு விரற்கடைக்கு ஒரு தையல் போடுவார், அவசரக்காரர். பக்கத்து வீட்டுக்காரி முடிச்சை எப்போதும் வெளிப்பக்கம் விடுவாள். என் மாமியார் தையல் பொடிப்பொடியாக, இறுக்கி, துணி சுருங்குகிற மாதிரி இருக்கும். அவர்கள் தையலைப் பார்த்தே இது யாருடையது என்று சொல்லிவிடுவேன். சமாதானமில்லாதவள் என்று ஆனபிறகு நூல் கேட்டு யாரும் வரவில்லை. கிழிந்ததைக் கிழிந்தபடியே போட்டுக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

அந்த நாட்களில்தான் இலை அச்சு என் கைக்கு வந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பாதி விஷயம் எனக்கு முன்பே தெரியும், நைனாவால். நைனா பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். குழிக்குள் ஆவாரம்பட்டைத் தண்ணீரை விட்டு அதில் தோலை ஊறப்போடுவார்கள். அந்தக் குழிப் பக்கம் இரும்பு வாளியோ கம்பியோ போகக்கூடாது. ஆணி ஒன்று விழுந்தால் போதும், தோலில் மை கொட்டிய மாதிரி கறை பிடித்துவிடும். "பட்டைக்கும் இரும்புக்கும் ஆவாது, எனக்கும் உங்கம்மாவுக்கும் மாதிரி" என்பார் நைனா, அம்மா காதில் விழுகிற மாதிரி. இரண்டு பேரும் சேர்ந்தே கிடந்தார்கள், சேர்ந்தே போனார்கள்.

புருஷன் விட்டுப்போன வேட்டி ஒன்று வீட்டுக் கொடியில் கிடந்தது. வருவார் என்று அதை அவ்வப்போது துவைத்து வெள்ளையாக வைத்திருந்தேன். ஒருநாள் அதைப் பார்த்ததும் அப்படி ஒரு கோபம் வந்தது. கடுக்காயை இடித்துத் தண்ணீரில் போட்டு, அதில் வேட்டியை அமுக்கி ஊறவைத்தேன். பழுப்பாகிவிட்டால் அழுக்குத் தெரியாது, போர்த்திக்கொள்ளவாவது ஆகட்டும் என்று. பிழிந்து வேலியோரப் புல்லில் விரித்தேன். காற்று தூக்கியது. கையில் கிடைத்த பழைய இரும்பு ஏர்க்கொழுவை மேலே வைத்துவிட்டு நடவுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து எடுத்தால் கொழு இருந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு பூவரச இலை, வெளுப்பாக, நரம்பு நரம்பாக. கொழுவுக்கு அடியில் எப்படியோ ஓர் இலை மாட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டைக்கு ஆகாத இரும்பு கடுக்காய்க்கும் ஆகவில்லை. முதலில் எனக்குக் கேட்டது நைனாவின் குரல்தான்: போச்சு, தோல் போச்சு. அப்புறம்தான் இது தோல் இல்லை, இதற்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உறைத்தது. வேட்டியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு, இருட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது. என் வீட்டில் வெகுநாளாக அழகாக ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. சந்தையில் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் தேய்ந்த லாடங்களைக் கழற்றி எறிந்துவிடுவார். அவற்றைப் பொறுக்கிவந்து ஒரு பானையில் போட்டு, பழங்கஞ்சியும் கொஞ்சம் பனைவெல்லமும் சேர்த்து மூடி வைப்பேன். நுரைத்து, புளித்து, நாற ஆரம்பிக்கும். அதுதான் துருத் தண்ணீர். புளியங்கொட்டையைக் காய்ச்சிக் கொஞ்சம் பசையாக்கி அதில் கலப்பேன், ஓடிப் பரவாமல் இருக்க. கடுக்காயில் ஊறிக் காய்ந்த துணியை விரித்து, இலையின் அடிப்பக்கத்தில் அந்தத் தண்ணீரைக் கந்தலால் ஒற்றி, துணியின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்துவேன். இலையை எடுக்கும்போது வெறும் ஈரம்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி, நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

அந்த நேரத்துக்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நாள் முழுக்க யாரும் என்னோடு பேசாத நாட்கள் உண்டு. ஒருத்திக்குச் சோறு வடித்து, ஒருத்தி தின்று, ஒரு தட்டைக் கழுவி வைத்தால் வேலை முடிந்தது. இலை மட்டும் எனக்குப் பதில் சொன்னது. நான் அழுத்தினால் அது ஏதோ ஒன்று காட்டும். தப்பாகக் காட்டினாலும் காட்டும். பூசணி இலை சுணையோடு சேர்ந்து அழுக்குத் திட்டாகத்தான் விழும். முருங்கை சிதறிப்போகும். பூவரசு ஒருநாளும் ஏமாற்றாது. போர்வை, தலையணை உறை, ஜன்னல் துணி என்று வீடு முழுக்க இலையாகிவிட்டது. பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு அவ்வளவு அலங்காரம்.

கடைசி வேலை சாணித் தண்ணீர். அச்சுக் காய்ந்தபின் புதுச் சாணியைக் கரைத்து, துணியை அதில் முக்கி வைத்துவிட்டு, ஏரி மதகில் ஓடுகிற தண்ணீரில் அலசுவேன். அப்படிச் செய்தால் கறுப்பு மற்ற இடத்துக்குப் பரவாது, துருத் தண்ணீரின் புளிப்பும் போய்விடும். ஆரம்பத்தில் ஒரு தலையணை உறையைச் சாணி இல்லாமல் சும்மா அலசிவிட்டிருந்தேன். அது சீக்கிரமே இலை இருந்த இடத்தில் நைந்தது. துணி பழசு, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

ஒரு வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு முன்னால் கோயில் மேசை விரிப்பை எலி கடித்துப் பாழாக்கிவிட்டது. அறுப்புப் பண்டிகை எங்களுக்குப் பெரிய நாள். நெல்லும் பூசணிக்காயும் கோழியும் கொண்டுவந்து வைத்து, ஜெபம் முடிந்து ஏலம் விடுவார்கள். போதகர் வருவார், பந்தி உண்டு. மேசையை மொட்டையாக விடமுடியாது. அந்தச் சமயத்தில் உபதேசியாரம்மா ஏரிக்கரையில் காய்ந்துகொண்டிருந்த என் போர்வையைப் பார்த்திருக்கிறார். வெகுநாளைக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, கோயிலுக்கு ஒரு விரிப்பு இந்த மாதிரி பண்ணித் தருவியா? நல்லா கீது."

எனக்கு வாயில் வந்தது, 'என்னைச் சேர்க்காத மேசைக்கு என் துணி எதற்கு?' என்பதுதான். சொல்லவில்லை. "பண்ணித் தரேம்மா" என்றேன். அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். துணி உள்ளே போனால் பின்னாலேயே நானும் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையில், தோளோடு தோள் உரச ஓர் இடம். அவ்வளவுதான்.

டவுனில் துணிக்கடை பாய் நல்ல லாங்கிளாத் துணி எடுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்டவர், கோயிலுக்கு என்றதும் அளவுக்கு மேல் கொஞ்சம் நீட்டியே கிழித்தார். சாம்பல் தண்ணீரில் அவித்துக் கஞ்சி போக்கி, கடுக்காயில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். அறுப்புப் பண்டிகை ஆயிற்றே என்று நெற்கதிரை அழுத்திப் பார்த்தேன். பழந்துணியில் அது புழு ஊர்ந்த மாதிரி வந்தது. என்ன இலை வைப்பது என்று நாள் கணக்காக யோசித்தேன். அப்புறம் ஒருநாள் களை பறிக்கும்போது கையில் வந்தது ஆரைக்கீரை. நாலு இலை நாலு திக்கில், நடுவில் ஒரு புள்ளி. தினம் பிடுங்கி வரப்பில் எறிகிற களை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சின்னச் சிலுவை.

மேசையிலிருந்து தொங்குகிற ஓரம் முழுக்க ஆரைக்கீரை. வேறு ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வோர் இலைக்கும் புதுசாகத் தண்ணீர் ஒற்றி, ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல் அழுத்தினேன். கறுப்பு நன்றாக விழவேண்டும் என்று துருத் தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாகவே வைத்தேன். இதுவரைக்கும் நான் செய்ததிலேயே அதுதான் நல்லது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் மதகுக்குப் பக்கத்தில் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். களை முடிந்து பெண்கள் கரைமேல் வந்துகொண்டிருந்தார்கள். விரிப்பைப் பார்த்து நின்றார்கள். "சிலுவ மாரியே கீதுடி" என்று யாரோ சொன்னார்கள். உபதேசியாரம்மா கீழே இறங்கிவந்து தொட்டுப் பார்த்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்னைச் சுற்றி அத்தனை பேர். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மே இது, சாணியா? கர்த்தர் மேசைக்கு விரிக்கிற துணிய சாணியிலயா முக்குவ?"

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் எல்லோர் வீட்டுத் தரையும் சாணி மெழுகியதுதான். கோயில் தரையும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் எல்லோருமாகக் கல்லும் மண்ணும் சுமந்து கோயிலுக்குச் சிமெண்ட் தரை போட்டிருந்தோம். அன்றோடு சாணி என்ற பேச்சே கோயிலுக்கு ஆகாமல் போயிற்று. மிராசுதார் தெருவில் எங்களைப் பேசுகிற பேச்சில் சாணி எப்போதும் இருக்கும். ஒரு இடமாவது அது இல்லாமல் இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை. எனக்கே அந்தத் தரையில் கால் வைக்கும்போது ஒரு நிமிர்வு வரும்.

"இல்லன்னா கறை நிக்காது" என்றேன்.

"வேணாம்மா. தெரிஞ்சா ஆம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க. சும்மா தண்ணியில அலசு. நல்லாத்தான் கீது" என்றார் உபதேசியாரம்மா.

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால், 'அவரவர் வேலையைப் பாருங்கள்' என்று முகத்திலடித்த மாதிரி சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் அத்தனை பேர் என்னோடு நின்று பேசுகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. சாணித் தண்ணீரை வரப்பில் ஊற்றினேன். துணியை மதகில் வெறுமனே அலசினேன். ஒரு முனையை உபதேசியாரம்மாவே பிடித்துப் பிழிந்துகொடுத்தார்.

பண்டிகையன்று விரிப்பு மேசைமேல் இருந்தது. கதவோரத்திலிருந்து பார்த்தபோதுகூட அந்தக் கறுப்புச் சிலுவைகள் தெரிந்தன. போதகர் தொட்டுப் பார்த்து உபதேசியாரிடம் ஏதோ கேட்டார். உபதேசியார் பெண்கள் பக்கமாகப் பொதுவாகக் கையைக் காட்டினார். பந்திக்குப் பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் பாதி எழுந்தேன். உபதேசியார் என்னைப் பார்த்து, மெதுவாகத்தான், கையால் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். துணியை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எனக்கு அதுவரை புரியவில்லை. பிள்ளைகள் என்மேல் சாய்ந்துகொண்டு பூசணிக்காயை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் உபதேசியாரம்மா விரிப்பை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். கூடவே பக்கத்து வீட்டுக்காரியும் என் மாமியாரும். துவைக்க எடுத்தபோது இலைகள் உதிர்ந்துவிட்டன. சும்மா கிழியவில்லை. கறுப்பு இருந்த இடம் மட்டும் பொடியாகி விழுந்து, ஓரம் முழுக்க ஆரைக்கீரை வடிவத்தில் ஓட்டை. உபதேசியாரம்மா தூக்கிப் பிடித்தார். பின்னால் இருந்த வெயில் ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் தெரிந்தது.

"பேஜாராப் பூட்ச்சும்மா. இன்னா மருந்து போட்ட இதுக்கு?" என்றார்.

"வேணும்னே பண்ணிக்கிறா. சேத்துக்கலன்னு கருவிக்கினு பண்ணிக்கிறா" என்றார் மாமியார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. "சாணியில முக்கல, அத்தை. புளிப்பு துணியிலயே நின்னுபோச்சு. அதான் தின்னுட்ச்சு. முக்க வாணாம்னு சொன்னது நான் இல்ல" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "அப்பவே கறாரா சொல்றதுதான?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று சுற்றி நின்றவர்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "குடுங்கம்மா, வேற பண்ணித் தரேன், இந்தத் தடவ ஒழுங்கா" என்று கையை நீட்டினேன். உபதேசியாரம்மா துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "பாக்கலாம்மா" என்றார். மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் பேச்சு அறவே நின்றது. அடுத்த பண்டிகைக்கு மேசைமேல் ஒரு வெள்ளை விரிப்பு இருந்தது. கதவோரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. பாய் கடையில் புதுசு வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னுடையது அடுப்புத் துடைக்கப் போயிருக்கும். என் வீட்டில் நான் இலை அழுத்துவதை நிறுத்தவில்லை. கை சும்மா இருந்தால் புத்தி ராயபுரம் போய்விடும். ஆனால் ஆரைக்கீரையை மறுபடி தொடவில்லை. வயலில் அதைப் பிடுங்கும்போது மட்டும் வேரோடு பிடுங்குவேன்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. பழைய போதகர் மாற்றலாகி, இளவயதுப் போதகர் ஒருவர் வந்தார். வந்த முதல் மாதமே பந்தி நேரத்தில் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "அந்த அம்மா ஏன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்?" என்று உபதேசியாரைக் கேட்டார். உபதேசியார் காதோடு சொன்னார். போதகர் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்: "சண்டை போட்டவர் மெட்ராஸில் இருக்கிறார். இவர் இங்கே யாரோடு சமாதானம் ஆக வேண்டும்?" உபதேசியார் தலையைச் சொறிந்தார். அவருக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்திருக்கும். "வாங்கம்மா" என்று போதகர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

நான் எழுந்தேன். எத்தனை நாளாகக் காத்திருந்த ஒன்று, இப்படி ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டதே என்று இருந்தது. எல்லோரும் முன்பே முழங்கால் போட்டுவிட்டதால் எனக்குப் பாயின் கடைசியில்தான் இடம் இருந்தது. பக்கத்தில் என் மாமியார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தோளோடு தோள் உரசியது. முழங்கால் போட்டதும் மேசை விரிப்பின் ஓரம் நேராகக் கண்ணுக்கு எதிரே வந்தது.

அது பாய் கடைத் துணி இல்லை. என்னுடையது.

வெளுத்து, பழுப்பு போயிருந்தது. ஆனால் ஓரம் நெடுக ஆரைக்கீரை இருந்தது. ஒவ்வோர் ஓட்டையையும் வெள்ளை நூலால், இழை இழையாக ஓட்டி நிரப்பியிருந்தார்கள். கறுப்புச் சிலுவை எல்லாம் வெள்ளைச் சிலுவை ஆகியிருந்தது. என் கண் தானாகத் தையலைப் படித்தது. இந்த நாலும் நீளநீளமாக, அவசரமாக: உபதேசியாரம்மா. இது வெளிப்பக்கம் முடிச்சு: பக்கத்து வீட்டுக்காரி. அதோ, பொடிப்பொடியாக, துணி சுருங்குகிற அளவுக்கு இறுக்கி, வரிசையிலேயே அழகாக வந்திருப்பது: என் மாமியார். வட்டமாக உட்கார்ந்து, என் துணியை மடியில் போட்டுக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு, பல நாள் தைத்திருப்பார்கள். என் இலை எதையும் அவர்கள் விடவில்லை. வந்தது சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு நேர் எதிரே, கடைக் கோடியில், ஓர் இலை மட்டும் தைக்காமல் ஓட்டையாகவே இருந்தது. அதன் வழியாக மேசையின் மரம் தெரிந்தது.

போதகர் என் முன்னால் வந்து நின்றார். கறுத்த விரல்களை நீட்டினேன். அப்பத்தை வைத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

கோயில் விட்டு வெளியே புங்கமரத்தடியில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் நேராக உபதேசியாரம்மாவிடம் போனேன்.

"துணிய நல்லா தச்சிக்கிறீங்கம்மா" என்றேன்.

"ஆமாம்மா. தூக்கிப் போட மனசு வர்ல. உங்க மாமியாதான் பிடிவாதமா நின்னுச்சு, தைக்கலாம்னு."

"ஓரத்துல ஒரு எலய மட்டும் வுட்டுட்டீங்களே?"

அவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அதுவா? நூலு தீந்துபோச்சும்மா. அப்புறமா வாங்கித் தைக்கலாம்னு வுட்டோம். அப்படியே நின்னுபோச்சு" என்றார்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு கோயிலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். உள்ளே போய், பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்தேன். வெள்ளை நூல்கண்டு முழுசாக அப்படியே இருந்தது. என் வீட்டில் நூல் இருப்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.